கண்ணற்ற இயற்கை, காலற்ற அறிவு

பண்டை இந்தியத் தத்துவ மரபுகளுள் மிகப் பழையவற்றில் ஒன்றாகிய சாங்கியம், உலகம் எப்படி இயங்கத் தொடங்கிற்று என்ற கேள்விக்கு விடை சொல்ல வரும்போது, கண் தெரியாத ஒருவரையும் நடக்க இயலாத ஒருவரையும் எடுத்துக்காட்டாக முன்னிறுத்துகிறது. கி.பி. 4 அல்லது 5ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் ஈசுவர கிருஷ்ணர் இயற்றிய சாங்கிய காரிகை என்னும் சிறு நூலின் 21ஆம் செய்யுளில் இந்த உவமை இடம்பெறுகிறது. சாங்கியத்தின்படி உள்பொருள்கள் அடிப்படையில் இரு வகையே. ஒன்று பிரகிருதி, அதாவது மண், நீர், உடல், பொறிகள், மனம், புத்தி ஆகிய அனைத்தும் எதிலிருந்து விரிந்தனவோ அந்த மூல இயற்கை. மற்றொன்று புருடன், அதாவது எதையும் செய்யாமல் அறிந்துகொண்டு மட்டும் இருக்கும் உணர்வு. பிரகிருதிக்கு இயக்கம் உண்டு, பார்வை இல்லை. புருடனுக்குப் பார்வை உண்டு, இயக்கம் இல்லை. ஆகவே நடக்க முடியாதவர் வழி சொல்ல, கண் தெரியாதவர் அவரைத் தோளில் சுமந்து செல்வதைப் போல, இவை இரண்டும் சேர்ந்த சேர்க்கையிலேயே படைப்பு நிகழ்கிறது என்பது அந்நூலின் கொள்கை.

கௌடபாதர் பெயரில் வழங்கும் உரை இந்த உவமையை ஒரு கதையாகவே விரிக்கிறது. வணிகக் கூட்டம் ஒன்று காட்டு வழியே செல்லும்போது கள்வர் தாக்குகின்றனர். அந்தக் குழப்பத்தில் உடன் வந்த உறவினர் கண்ணில்லாதவரையும் காலில்லாதவரையும் கைவிட்டு ஓடிவிடுகின்றனர். தனித்தனியே அலைந்த இருவரும் தற்செயலாகச் சந்தித்து, ஒருவரை ஒருவர் நம்பி, ஒருவர் தோளில் மற்றவர் ஏறிச் சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்தபின் பிரிந்து செல்கின்றனர். உணர்வும் இயற்கையும் விடுதலை கிடைத்ததும் பிரிந்துவிடும் என்பதை விளக்குவதே உரையாசிரியரின் நோக்கம். ஆயினும் உறவினர் கைவிட்டனர் என்ற செய்தியை அவர் எவ்வித வியப்பும் இல்லாமல், எல்லோருக்கும் தெரிந்த நடப்பைச் சொல்வதுபோலச் சொல்லிச் செல்வது கவனிக்க வேண்டியது. தத்துவத்தின் உயரமான வாதம் ஒன்றுக்குள் அக்காலச் சமூகத்தின் ஒரு கொடுமை இவ்வாறு பதிவாகியிருக்கிறது.

இந்த உவமையின் துணிவு எளிதில் கண்ணில் படுவதில்லை. முழுமையான ஒரு பொருளிலிருந்து குறையுள்ள உலகம் தோன்றியது என்று சொல்லும் சமயங்களும் தத்துவங்களும் பல. சாங்கியமோ உலகின் இரு வேர்களுக்குமே ஒவ்வொரு இயலாமையைக் கொடுத்துவிடுகிறது. இயற்கை கண்ணில்லாதது, அறிவு காலில்லாதது. இரண்டில் எதுவும் தனித்து ஒரு புல்லைக்கூட முளைக்கச் செய்ய முடியாது. உடலில் குறையுள்ளவர்களைப் பற்றி எதையும் சொல்வது ஈசுவர கிருஷ்ணரின் எண்ணம் அன்று. எனினும் ஓர் இயலாமை மற்றோர் ஆற்றலோடு கூடிச் செயலாகிறது என்ற காட்சியை உலகத் தோற்றத்திற்கே அளவுகோலாக்கியதில், அவர் அறிந்தோ அறியாமலோ, குறையை விலக்காகக் காணாமல் விதியாகக் கண்டுவிட்டார்.

இந்த உவமையை மிகக் கூர்மையாக மறுத்தவர் அத்வைத வேதாந்தத்தின் பேராசிரியராகிய சங்கரர். பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்திற்கு எழுதிய உரையில் அவர் சாங்கியரை நோக்கி எழுப்பும் தடை இதுதான்: கால் இயங்காதவர் வாயால் பேசுகிறார், இடம் வலம் சொல்கிறார், தம் சொல்லால் சுமப்பவரைச் செலுத்துகிறார், ஆனால் சாங்கியர் கூறும் புருடனோ செயலும் குணமும் அற்றவன், அவன் எதைக் கொண்டு இயற்கையைச் செலுத்துவான்? தருக்க முறையில் இது சாங்கியத்தின் அடித்தளத்தைத் தாக்கும் வினா. அதற்கப்பால் வேறொரு சிறப்பும் இதில் உண்டு. நடக்க இயலாதவரைச் செயலற்றதன் அடையாளமாக்கிய உவமையை, அவர் செயலுடையவரே, பேச்சால் உலகை நடத்துபவரே என்ற எளிய உண்மையைக் கொண்டு சங்கரர் உடைக்கிறார். வாதத்தில் வெல்வதற்காகவே சொல்லப்பட்டது என்றாலும், அந்த மனிதரை உவமையிலிருந்து மீட்டு மனிதராகவே பார்த்த பார்வை அது.

சாங்கிய காரிகையில் உடற்குறை இன்னொரு முறையும் வருகிறது. பொது வாசகர் அதிகம் அறியாத இப்பகுதியே இந்தப் பொருளில் மிகச் செழுமையானது. புத்தி என்பது சாங்கியத்தில் இயற்கையின் முதல் விரிவு. அதிலிருந்து எழும் மனநிலைகளை அந்நூல் 50 வகையாகப் பிரிக்கிறது. மயக்கம் 5, அசக்தி அதாவது இயலாமை 28, நிறைவு 9, சித்தி அதாவது பேறு 8. இயலாமைகள் 28இல் 11 பொறிகளின் பழுதுகள். காரிகைக்குத் தத்துவ கௌமுதி என்னும் உரை எழுதிய வாசஸ்பதி மிசிரர் அவற்றை எடுத்துரைக்கிறார்: காது கேளாமை, தொடுவுணர்வை அழிக்கும் தோல்நோய், பார்வையின்மை, நாவின் மரப்பு, மணம் அறியாமை, பேச்சின்மை, கை முடம், கால் முடம், ஆண்மையின்மை, கழிவுப் பாதையின் அடைப்பு, மன மந்தம். அறிபொறிகள் 5, செயற்பொறிகள் 5, மனம் 1 எனப் பொறிக்கு ஒன்றாக அமைந்த கணக்கு இது.

எஞ்சிய 17 இயலாமைகள் எவை என்பதில்தான் சாங்கியத்தின் நுட்பம் இருக்கிறது. நிறைவு 9, பேறு 8 என்று மேலே கூறியவற்றின் எதிர்மறைகளே அந்த 17. கண்ணும் காதும் கையும் காலும் பழுதின்றி இருந்தும் மனநிறைவு வாய்க்காதவர், ஆராய்ச்சியாலும் கல்வியாலும் நட்பாலும் பெற வேண்டியதைப் பெறாதவர் ஆகியோரும் அதே அசக்தி என்னும் வகுப்பில்தான் வைக்கப்படுகின்றனர். பட்டியலில் பெரும்பகுதி நலமான உடல் உடையவர்களுக்கே உரியது. ஆகவே இந்தக் கணக்கின்படி மனிதர்களை உடற்குறை உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டாகப் பிரிக்க வழியில்லை. பேறு எய்தாத ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் இயலாமையோடு இயற்கையின் விரிவுக்குள் நிற்பவரே. பார்வையின்மை புத்திக்கு ஒரு தடை என்று சாங்கியம் கருதியதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தடை பிரகிருதியின் பக்கத்தில் நிற்பது. அறியும் புருடனிடம் அதன் நிழல்கூட விழுவதில்லை.

குறை இயற்கையைச் சார்ந்தது, அறிபவனைச் சார்ந்தது அன்று என்ற இந்த எண்ணத்தின் தொடக்கத்தைச் சாங்கிய காரிகைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட உபநிடதங்களிலேயே காணலாம். சாந்தோக்கிய உபநிடதத்தின் ஐந்தாம் பகுதி, பொறிகளுக்கும் உயிர்மூச்சுக்கும் இடையே எழுந்த ஒரு போட்டியைக் கூறுகிறது. தம்முள் யார் சிறந்தவர் என்று அவை கேட்க, யார் வெளியேறினால் உடல் மிக இழிந்த நிலையை அடையுமோ அவரே சிறந்தவர் என்று படைப்புத் தெய்வமாகிய பிரசாபதி விடை சொல்கிறார். முதலில் பேச்சு ஓராண்டு வெளியே சென்று திரும்பி, நான் இல்லாமல் எப்படி வாழ்ந்தீர்கள் என்று கேட்கிறது. பேச இயலாதவர்கள் மூச்சு விட்டும் கண்டும் கேட்டும் சிந்தித்தும் வாழ்வதுபோல வாழ்ந்தோம் என்பது மற்றவற்றின் விடை. அடுத்துக் கண் செல்கிறது. பார்வையற்றவர் வாழ்வதுபோல வாழ்கின்றன. காது செல்கிறது, கேட்க இயலாதவர் வாழ்வதுபோல வாழ்கின்றன. மனம் செல்கிறது, குழந்தைகள் வாழ்வதுபோல வாழ்கின்றன. கடைசியில் மூச்சு புறப்பட எழுந்தவுடன், கட்டிய முளைகளை ஒரு வலிய குதிரை பிடுங்கி எழுவதுபோல எல்லாப் பொறிகளும் வேரோடு பெயரத் தொடங்க, அவை மூச்சின் தலைமையை ஏற்றுக்கொள்கின்றன.

இந்தக் கதை மூச்சின் பெருமையைச் சொல்ல வந்தது. ஆனால் அதை மெய்ப்பிக்க உபநிடதம் காட்டும் சான்றுகள் யாவும் மனிதர்களே. பேசாமல் வாழ்பவர், பார்க்காமல் வாழ்பவர், கேட்காமல் வாழ்பவர் ஆகியோர் எங்கும் இருக்கின்றனர், அவர்கள் வாழ்வது முழு வாழ்வே என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தியாக இருந்தால்தான் இந்த வாதம் நிற்கும். பிரகதாரணியக உபநிடதமும் இதே போட்டியைச் சிறு வேறுபாடுகளுடன் சொல்கிறது. ஒரு பொறி போனால் வாழ்வு போய்விடாது என்பதை அக்காலச் சிந்தனையாளர்கள் தம் அயலில் வாழ்ந்த மனிதர்களிடமிருந்தே கற்றிருக்க வேண்டும் என்று கருதுவதில் பிழையில்லை.

சாந்தோக்கியத்தின் எட்டாம் பகுதி இதே சிக்கலை மறுபக்கத்திலிருந்து எழுப்புகிறது. ஆன்மா எது என்று அறிய தேவர்களின் சார்பில் இந்திரனும் அசுரர்களின் சார்பில் விரோசனனும் பிரசாபதியிடம் சென்று 32 ஆண்டுகள் மாணவராகத் தங்குகின்றனர். நீரில் தெரியும் உருவத்தைக் காட்டி, அணிகலன் பூண்டு பார்க்கச் சொல்லி, இதுவே ஆன்மா என்று பிரசாபதி சோதனையாகக் கூறியதும், விரோசனன் நிறைவோடு திரும்பி உடலே ஆன்மா என்று அசுரர்களுக்குக் கற்பிக்கிறான். இந்திரனோ பாதி வழியில் நின்றுவிடுகிறான். இந்த உடல் அழகு செய்யப்பட்டால் ஆன்மாவும் அழகுபெறும் என்றால், உடல் பார்வையிழந்தால் ஆன்மாவும் பார்வையிழக்க வேண்டும், உடல் ஊனமுற்றால் ஆன்மாவும் ஊனமுற வேண்டும், உடல் அழிந்தால் அதுவும் அழிய வேண்டும். இதில் நன்மை ஒன்றும் தெரியவில்லையே என்று திரும்பி வருகிறான். கனவில் உலவும் ஆன்மா, கனவற்ற உறக்கத்தில் ஒடுங்கும் ஆன்மா என்று படிப்படியாகச் சென்று, மொத்தம் 101 ஆண்டுகள் பயின்றபின் அவனுக்கு இறுதி விடை கிடைக்கிறது. இந்தியத் தத்துவத்தின் மிக நீண்ட தேடல்களுள் ஒன்றைத் தொடங்கி வைத்தது உடற்குறை பற்றிய இந்த ஒற்றை ஐயமே.

சுவேதாசுவதர உபநிடதம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அதன் மூன்றாம் அத்தியாயத்தில் பரம்பொருள் கையின்றிப் பற்றுவதாகவும், காலின்றி விரைவதாகவும், கண்ணின்றிக் காண்பதாகவும், காதின்றிக் கேட்பதாகவும் போற்றப்படுகிறது. உறுப்புகள் இல்லாமையே தெய்வத்தின் நிறைவுக்கு இலக்கணமாகிவிடும் அரிய இடம் அது.

இயற்கையையும் உடற்குறையையும் நேருக்கு நேர் இணைத்தவர்கள் சமணர்களே. சமண ஆகமங்களுள் மிகப் பழையதாகிய ஆசாராங்க சூத்திரத்தின் முதல் அத்தியாயம், மண்ணையும் நீரையும் நெருப்பையும் காற்றையும் செடிகொடிகளையும் உடலாகக் கொண்ட உயிர்கள் உள்ளன என்றும், அவற்றை வருத்துவது கொலையே என்றும் கற்பிக்கிறது. கண்ணும் வாயும் அசைவும் அலறலும் இல்லாத மண் வலியை உணரும் என்பதை எவ்வாறு நம்புவது என்ற கேள்விக்கு அந்நூல் தரும் விடை, பார்வையற்ற ஒருவரை வெட்டினாலும் குத்தினாலும் அவருக்கு வலி உண்டல்லவா என்பதுதான். உரைகள் இதனைப் பிறவியிலேயே கண், காது, பேச்சு, நடை ஆகியவை இல்லாத ஒருவராக விரித்துக் காட்டுகின்றன. வந்து தாக்குவது யார் என்று அவரால் காண முடியாது, ஓட முடியாது, கத்தவும் முடியாது. வெளியில் அடையாளம் இல்லாததால் உள்ளே வேதனை இல்லை என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். அவ்வாறே மண்ணுக்கும் மரத்துக்கும் வேதனை உண்டு என்பது வாதம். அகிம்சை என்னும் பேரறம் தன் எல்லையை மனிதரிடமிருந்து மண் வரை நீட்டியபோது, அதற்குப் பாலமாக நின்றது கடும் உடற்குறையுள்ள மனிதரின் வலி.

சமணம் உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்துகிறது. மண், நீர், மரம் முதலியவை தொடுவுணர்வு மட்டும் உடைய ஓரறிவுயிர்; புழுவுக்குச் சுவையும் சேர்ந்து இரண்டு; எறும்புக்கு மணமும் சேர்ந்து மூன்று; வண்டுக்குப் பார்வையும் சேர்ந்து நான்கு; மனிதர் முதலியோர்க்குக் கேள்வியும் சேர்ந்து ஐந்து. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இவ்வரிசையைச் சுருக்கமாகத் தருகிறது. பொறியின் உடலுறுப்பு வேறு, அதன் உள்ளுணர்வாற்றல் வேறு என்றும் அது பிரிக்கிறது. ஐம்பொறி உயிர் என்பது பிறப்பின் வகையாதலால், கண் பழுதான மனிதர் வண்டுக்குக் கீழே இறங்கிவிடுவதில்லை. தமிழில் தொல்காப்பியத்தின் மரபியலும் இதனை ஒத்த ஏணியைப் புல், மரம் தொடங்கி மனம் உடைய மக்கள் வரை ஆறு படிகளாக அமைக்கிறது. ஐந்தாம் படியில் விலங்குகளோடு மாக்கள் எனப்படும் ஒருசார் மனிதரையும் அது சேர்த்துவைத்திருப்பதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது: அறிவால் உயிர்களை அடுக்கும் எந்த ஏணியும், அறிவு வளர்ச்சியில் வேறுபட்ட மனிதரைப் படியிறக்கும் கருவியாக மாறிவிடக் கூடும்.

ஏணியின் கீழ்ப்படியில் உள்ளவற்றை நாம் குறைத்து மதிப்பிடுகிறோமோ என்ற ஐயமும் அக்காலத்திலேயே எழுந்திருக்கிறது. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் பரத்துவாசர், மரங்கள் காண்பதும் கேட்பதும் முகர்வதும் சுவைப்பதும் இல்லையே என்று வினவ, பிருகு முனிவர் ஒவ்வொன்றாக மறுக்கிறார். வெப்பத்தால் இலை வாடுவதால் தொடுவுணர்வு உண்டு. இடியோசையில் பூவும் காயும் உதிர்வதால் கேள்வி உண்டு. கொடி சுற்றிப் படர்ந்து தன் வழியைக் கண்டுகொள்வதால் பார்வை உண்டு. நறும்புகையால் நோய் நீங்கிப் பூப்பதால் முகர்வு உண்டு. வேரால் நீரைப் பருகுவதால் சுவையும் உண்டு என்பது அவர் வாதம். இன்றைய தாவரவியலோடு இதை ஒப்பிட்டுப் பெருமை பேசுவது தேவையற்றது. உறுப்பு தென்படாத இடத்தில் ஆற்றலும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்ற நெறியே இதில் மதிக்கத்தக்கது; அந்த நெறி மரத்துக்கு எவ்வளவு பொருந்துமோ அதைவிட மனிதருக்கு மிகுதியாகப் பொருந்தும்.

உடற்குறை ஏன் உண்டாகிறது என்ற கேள்வியை மருத்துவர்கள் தத்துவவாதிகளிடம் விட்டுவிடவில்லை. சரக சங்கிதையின் சாரீரப் பகுதி, அதாவது உடலின் தோற்றத்தையும் அமைப்பையும் ஆராயும் பகுதி, கருவில் உண்டாகும் மாறுபாடுகளுக்கு வித்தின் குற்றம், முன்வினை, கருப்பையின் குற்றம், காலத்தின் குற்றம், தாயின் உணவு மற்றும் நடத்தையின் குற்றம் எனப் பல காரணங்களை ஒருங்கே வைக்கிறது. வினை அங்கே உண்டு. ஆயின் பல காரணங்களுள் ஒன்றாகவே உண்டு. அதே பகுதியில், மனிதரிலிருந்து மனிதர் பிறப்பது உண்மையானால், பார்வையற்றவருக்கும் கூனுடையவருக்கும் பேச இயலாதவருக்கும் பிறக்கும் குழந்தைகள் ஏன் அவர்களைப் போல இருப்பதில்லை என்று பரத்துவாசர் கேட்கிறார். அந்நூலில் ஆசானாக வரும் ஆத்திரேயர் சொல்லும் விடை நுட்பமானது: வித்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய கூறு உண்டு, எந்தக் கூறு பழுதடைகிறதோ அந்த உறுப்பே மாறுபடும், பெற்றோரின் உடலில் பழுது இருந்தும் வித்தின் கூறு கெடாதிருந்தால் குழந்தையிடம் அது தோன்றாது. ஊனத்தைப் பழியிலிருந்து பிரித்து, இயற்கையில் நிகழும் மாறுதலாக ஆராயும் நோக்கு இங்கே தெளிவாகத் தொடங்குகிறது. கருவுற்ற பெண்ணின் ஆசைகள் நிறைவேறாவிட்டால் குழந்தை கூனாகவோ முடமாகவோ பிறக்கும் என்று சுசுருத சங்கிதை கூறுவதையும் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டும். பழி வினையிலிருந்து நகர்ந்து தாயின் மீதும் குடும்பத்தின் மீதும் விழுந்த இடம் அது.

வினைக் கொள்கை ஆழமான காயங்களை உண்டாக்கியது என்பதில் ஐயமில்லை. மனுதரும சாத்திரத்தின் 11ஆம் அத்தியாயம் முற்பிறவிப் பாவங்களையும் அவற்றால் விளையும் உடற்குறைகளையும் அட்டவணையாகவே தருகிறது. இத்தகைய எண்ணம் ஒரு மனிதரின் துன்பத்தைக் கண்டு இரங்கும் முன்பே அவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறது. ஆயினும் வினைக் கொள்கைக்குள்ளேயே வேறு ஓட்டங்களும் இருந்தன என்பதற்குப் பௌத்தத்தின் சக்குபாலர் கதை சான்று. தம்மபதத்தின் முதல் செய்யுளுக்குரிய பாலி உரையில் இது வருகிறது. மழைக்காலத் தவத்தில் படுப்பதில்லை என்று உறுதி பூண்ட சக்குபாலர் கண்நோய்க்கு ஆளாகிறார். படுத்துக்கொண்டு மருந்து இட வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்தியும் உறுதியைக் கைவிடாததால், பார்வை அழிவதும் அவர் அருகத நிலை, அதாவது முழு விடுதலை, அடைவதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. பின்னர் ஒருநாள் மழைக்குப் பின் அவர் உலவும்போது காலடியில் பூச்சிகள் இறந்துகிடக்க, மற்றத் துறவிகள் குற்றம் சாட்டுகின்றனர். நீங்கள் அவர் கொல்வதைப் பார்த்தீர்களா என்று புத்தர் கேட்கிறார். நீங்கள் அதைப் பார்க்காததுபோல அவரும் பூச்சிகளைப் பார்க்கவில்லை, எண்ணம் இல்லாத இடத்தில் கொலைக் குற்றம் இல்லை என்று தீர்ப்பளிக்கிறார். இத்தனைக்கும் பிறகு, பார்வை போனதற்கு முற்பிறவியில் மருத்துவராக இருந்து ஒரு பெண்ணின் கண்ணைக் கெடுத்த வினையே காரணம் என்றும் அதே கதை சொல்கிறது. நோய், சொந்த முடிவு, பழவினை ஆகிய மூன்று காரணங்கள் ஒரே கதையில் ஒன்றை ஒன்று அழிக்காமல் நிற்கின்றன. பார்வையின்மை முழு விடுதலைக்குத் தடையாகவும் இல்லை.

நிறுவனங்களின் விதிகள் இந்தத் தத்துவ விரிவுக்கு ஈடுகொடுக்கவில்லை. சக்குபாலரைப் போற்றிய அதே பௌத்தத்தின் வினய பிடகம், பார்வையற்றோர், நடக்க இயலாதோர், காது கேளாதோர் ஆகியோருக்குத் துறவு அளிக்கலாகாது என்று விதிக்கிறது. வேள்வி விதிகளை ஆராயும் மீமாஞ்சை, நெய்யைப் பார்த்தல், அடிவைத்து நடத்தல், மந்திரம் ஓதுதல், ஆணையைக் கேட்டல் ஆகிய சடங்குக் கூறுகளைச் செய்ய இயலாதவருக்கு வேள்வியில் உரிமை உண்டா என்று நீளமாக விவாதித்து, குணப்படுத்த இயலாத குறை உள்ளவரை விலக்கியது. மனு அவர்களுக்குச் சொத்தில் பங்கு மறுத்தார். வாழ்நாள் முழுதும் உணவும் உடையும் தர வேண்டும், தராதவன் இழிந்தவன் என்றும், அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு என்றும் உடனே சேர்த்தார். மகாபாரதத்தில் மூத்தவராகிய திருதராட்டிரர் பார்வையின்மையால் அரசுரிமை இழந்ததன் விளைவு நாடறிந்தது.

ஆனால் இழிசொல்லைப் பொறுத்தவரை சட்டம் வியக்கத்தக்க கூர்மையோடு இருந்தது. கௌடில்யரின் அர்த்தசாத்திரம், ஒருவரைக் கண்ணில்லாதவன், முடவன் என்று திட்டினால், அது உண்மையாக இருந்தாலும் 3 பணம் தண்டம் என்றும், பொய்யானால் 6 பணம் என்றும், அத்தகையவரைப் பார்த்து என்ன அழகான கண் என்று புகழ்வதுபோல் இகழ்ந்தால் 12 பணம் என்றும் விதிக்கிறது. கேலி நேரடி வசையைவிடக் கொடியது என்பதை அறிந்து தண்டத்தை நான்கு மடங்காக்கிய அந்தச் சட்டம், ஊனமுற்றோர் அன்றாடம் எதைச் சகித்துக்கொண்டு வாழ்ந்தனர் என்பதையும் காட்டிக்கொடுக்கிறது. அறச்செயல்களும் இல்லாமல் இல்லை. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடலிபுத்திரத்துக்கு வந்த சீனப் பயணி பாகியான், வறியவரும் ஆதரவற்றவரும் உடல் ஊனமுற்றவரும் இலவசமாக உணவும் மருந்தும் பெற்ற விடுதிகளைக் குறிப்பிடுகிறார். சாங்கியம் உட்படப் பல சமயங்களின் கொள்கைகளை எடுத்துரைக்கும் தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையில், ஆபுத்திரன் மதுரையில் தான் பெற்ற பிச்சையைப் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் நடக்க இயலாதோருக்கும் முதலில் ஊட்டி, எஞ்சியதையே உண்கிறான்.

வேள்வி உரிமை பற்றிய விவாதத்தின் தொடர்ச்சியாக ஒரு நுட்பமான வழக்கு எழுந்தது. துறவு என்பது வேள்வி செய்ய இயலாத பார்வையற்றோர், முடவர் போன்றோருக்காகவே விதிக்கப்பட்டது, மற்றவர் இல்லறத்திலேயே இருக்க வேண்டும் என்று ஒரு சாரார் வாதிட்டனர். சங்கரர் பிரம்ம சூத்திர உரையின் மூன்றாம் அத்தியாயத்தில் இதை மறுத்து, துறவு எல்லோருக்கும் உரிய தனி நெறி என்று நிறுவினார். அவர் காக்க விரும்பியது துறவின் மதிப்பை. ஆயினும் சடங்குலகம் வெளியே தள்ளியவர்களுக்கு ஒதுக்கப்பட்ட ஓரம் என்ற நிலையிலிருந்து ஞானத்தின் நெறி விடுபட்டது.

பார்வையற்றோரை அறியாமையின் உருவகமாக்கும் வழக்கத்தை மட்டும் எந்த மரபும் விடவில்லை. கடோபநிடதம் முதல் புத்தரின் அறவுரைகளாகிய சுத்தங்கள் வரை, வழி தெரியாத குருவுக்குக் கண்ணில்லாத வழிகாட்டியே உவமை. யானையைத் தடவிப் பார்த்தவர்களின் கதை பௌத்தத்தின் உதானத்திலும், பின்னர் உண்மைக்குப் பல பக்கங்கள் உண்டு என்னும் சமணரின் அநேகாந்தவாத விளக்கங்களிலும் இடம்பெற்று உலகெங்கும் பரவியது. சிராவத்தியில் ஓர் அரசன் பிறவியிலேயே பார்வையற்ற அனைவரையும் ஓரிடத்தில் திரட்டி, யானையைத் தொடவிட்டு, அவர்கள் சண்டையிடுவதைக் கண்டு மகிழ்ந்தான் என்று உதானம் சொல்கிறது. தொட்டறிந்த ஒவ்வொருவரும் தாம் தொட்ட பகுதியைச் சரியாகவே சொன்னார்கள் என்பதும், அவர்களைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்த அரசனிடம் எக்குறையும் காணப்படவில்லை என்பதும் இக்கதையைச் சொல்வோர் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

ஆயினும் அந்த மரபுகளின் மிக ஆழமான சில குரல்கள் ஊனமுற்றவர்களுடையவையாகவே போற்றப்பட்டு வந்துள்ளன. இருக்கு வேதத்தின் முதல் மண்டலத்தில் 140 முதல் 164 வரை உள்ள பதிகங்கள் தீர்க்கதமசு என்னும் முனிவருக்கு உரியன என்பது வழக்கு. ஒரே மரத்தில் அமர்ந்த இரு பறவைகளுள் ஒன்று பழம் உண்ண, மற்றொன்று பார்த்துக்கொண்டே இருக்கும் புகழ்பெற்ற காட்சி அவற்றின் கடைசிப் பதிகத்தில் உள்ளது. பார்த்துக்கொண்டே இருக்கும் அறிவு என்னும் கருத்தின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்றாகிய அக்காட்சிக்கு உரியவர் பிறவியிலேயே பார்வையற்றவர் என்று மகாபாரதம் கூறுகிறது. மனைவியும் மக்களும் சுமை எனக் கருதி அவரைத் தெப்பத்தில் கட்டிக் கங்கையில் விட்டனர் என்றும், ஆறு அவரைக் கொண்டுசேர்த்த நாட்டில் பலி என்னும் அரசன் மீட்டு மதித்தான் என்றும் கதை தொடர்கிறது.

அட்டாவக்கிரரின் கதையும் மகாபாரதத்தில், வன பருவத்தில் உள்ளது. தந்தை வேதம் ஓதுகையில் கருவிலிருந்தே பிழை திருத்தியதால் சாபம் பெற்று எட்டு வளைவுகளோடு பிறந்த அவர், சிறுவனாகவே சனக மன்னரின் அவைக்குச் சென்று, தம் தந்தையைத் தோற்கடித்த வந்தி என்னும் அறிஞரை வாதத்தில் வெல்கிறார். அவையினர் அவர் உடலைக் கண்டு சிரித்தனர், அவர் அவர்களைத் தோல் வணிகர் என்று கடிந்தார் என்று பரவலாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி பிற்காலத்தது. மகாபாரதத்தில் வாயிற்காவலன் தடுப்பது அவர் வயது போதாது என்பதற்காகவே. வெற்றிக்குப் பின் சமங்கை என்னும் ஆற்றில் நீராட அவர் உடல் நேராயிற்று என்று காப்பியம் முடிக்கிறது. உடலை நேராக்காமல் அந்தக் கதையை முடிக்கக் காப்பியத்துக்கு மனம் வரவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து அவர் பெயரில் எழுந்த அட்டாவக்கிர கீதை என்னும் அத்வைத நூல் அந்த ஆற்றுக்குப் போகவே இல்லை. விடுதலையும் அறிவும் எவ்வாறு கிட்டும் என்ற சனகரின் கேள்வியோடு அது நேராகத் தொடங்குகிறது. எட்டு வளைவுகளின் பெயரைத் தாங்கியவர் ஆசானாக இருந்து விடை சொல்கிறார்.